அகராதி இறங்கிக்கொண்டிருந்த வீடு

2003, ஆகஸ்ட். வியாழக்கிழமை, பகல் 1.50.

உமாதேவி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேசைமேல் கவிழ்ந்து கிடந்தாள். பின்மண்டையில் ஒரே ஒரு அடி. இன்னொன்று தேவைப்படவில்லை. அடித்த அம்மிக் குழவியைக் கழுவி, பழையபடி அம்மிமேல் ஒழுங்காகப் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்தான் புண்ணியவான். குழவியின் அடிப்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

சப்-இன்ஸ்பெக்டர் பூமாரி நிலைப்படியைத் தாண்டாமல் ஒரு நிமிடம் அப்படியே நின்றாள். எத்தனையோ பிணத்தைப் பார்த்தவள்தான். ஆனால் இந்த முகம் தெரிந்த முகம். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே உமாதேவி, தோளில் ஒரு துணிப்பையோடு ஸ்டேஷனுக்கு வந்து, ‘மேடம், எப்.ஐ.ஆர். எப்படி எழுதுவீக, சொல்வீகளா?’ என்று சிரித்தபடி கேட்டாள். கதை எழுதுகிறவர்களுக்காக இண்டர்நெட்டில் ஒரு பக்கம் நடத்துவதாகச் சொன்னாள். தமிழ் எழுத்துரு எங்கே கிடைக்கும், அகராதி எங்கே இருக்கிறது, எந்தப் பத்திரிகைக்கு எப்படி அனுப்ப வேண்டும், கோர்ட்டும் போலீசும் உண்மையில் எப்படி நடக்கும் என்று எல்லாம் அதில் இருக்குமாம். ராயப்பன்பட்டியில், திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஊர் உலகத்தில் எழுதுகிறவர்களுக்கெல்லாம் வழி சொல்லிக்கொண்டிருந்தாள் இந்தப் பெண். அது பூமாரிக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கிளம்பும்போது உமாதேவி ஒரு கேள்வி கேட்டாள். “போலீசு எந்த எடத்துல மேடம் கோட்டை விடும்?”

பூமாரி உள்ளதைச் சொன்னாள். “ஒரு ஆளு ஒண்ணு சொன்னா எழுதிக்கிருவோம். சொன்ன மாதிரியே செஞ்சு பாக்க மாட்டோம். அங்கனதான்.”

அப்படிச் சொன்னது இப்போது நினைவுக்கு வந்தது. அவள் உள்ளே போனாள்.

அறையில் சண்டை நடந்த அடையாளம் இல்லை. பின்னால் வந்து நின்றவனைப் பார்த்து உமாதேவி பயப்படவில்லை, திரும்பக்கூட இல்லை. கம்ப்யூட்டர் திரை இருண்டிருந்தது. ஆனால் மேசைக்கு அடியில் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்தில் மோடத்தில் சின்னச் சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டின. பூமாரி பேனா முனையால் திரையின் பொத்தானை அமுக்கினாள். திரைக்கு உயிர் வந்தது. நீலப் பட்டை ஒன்று முக்கால் தூரத்துக்கு மேல் ஓடி வந்திருந்தது: ஏதோ அகராதித் தொகுப்பு இறங்கிக்கொண்டிருந்தது. மூலையில் ஒரு குட்டிச் சதுரத்தில், இணைப்புக் கொடுத்து எவ்வளவு நேரமாயிற்று என்று விநாடி விநாடியாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரத்துக்குச் சில நிமிடமே பாக்கி.

“சீனிச்சாமிண்ணே, இதைப் பாருங்க. யாரோ திரைய மட்டும் அமத்தியிருக்காக.”

ஏட்டு சீனிச்சாமி எட்டிப் பார்த்து, ஐந்து மணி நேரத்தைத் தன் பாட்டுக்குக் குறித்துக்கொண்டார். அப்புறம், இன்ஸ்பெக்டருக்குச் சொல்லலாம் என்று ஹாலில் இருந்த டெலிபோனை எடுத்துக் காதில் வைத்தார்.

“என்ன எழவு இது, கொர்ர்ருங்குது! போன் செத்துப்போச்சு மேடம்.”

அதே நேரம் திரையில் ஒரு சதுரம் குதித்தது. இணைப்பு அறுந்துவிட்டதாம். நீலப் பட்டை நின்றுபோயிற்று.

“சரி, பக்கத்து வீட்டுல போயிப் பேசுங்க” என்றாள் பூமாரி. அவள் கண் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் பெட்டியில் இருந்தது. ப்ளாப்பி வைக்கிற பெட்டி. மூடி திறந்து கிடந்தது. உள்ளே ஒன்றுகூட இல்லை.

பகல் 2.30.

பிணத்தை முதலில் பார்த்தவர் வாசலில் வேப்பமரத்து நிழலில் நின்றிருந்தார். மார்க்கையன்கோட்டை எழுத்தாளர் மகிழன். பள்ளிக்கூடத்துப் பெயர் ராக்கையா. அந்தப் பெயரில் இப்போது அவரை யாரும் கூப்பிடுவதில்லை. மாதா மாதம் பெட்டிக் கடையில் கயிற்றில் தொங்குகிற துப்பறியும் நாவலில் அவர் படம் பின்னட்டையில் இருக்கும். பூமாரியே பஸ்ஸில் பல தடவை வாங்கிப் படித்திருக்கிறாள். வெள்ளை ஜிப்பா. மேடையில் பேசிப் பழகிய குரல்.

“எப்ப வந்தீக சார்?”

“ஒரு மணி பஸ்சுக்கு. அதுக்கு முந்தி உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு ஒரு ரூபா போன்லருந்து மூணு தடவ போட்டேம்மா. பதினொண்ணேகாலுக்கு ஒண்ணு, அப்புறம் பன்னெண்டுக்குள்ள ரெண்டு. மணி போய்க்கிட்டே இருக்கு. எடுக்கல. என்னமோ மனசு சரியில்ல. கிளம்பி வந்தா கதவு தெறந்து கெடக்கு.”

“எதுக்குப் போன் போட்டீக?”

“என் வாசகிம்மா அவ. ஒரு கதை எழுதி வச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்கன்னு ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டு இருந்தா. இன்னைக்கு இந்தப் பக்கம் வர்ற வேலை இருந்துச்சு.”

“எதையாச்சும் தொட்டீகளா?”

மகிழன் வருத்தத்தோடு புன்னகை செய்தார். “எத்தனை வருசமாக் குற்றக் கதை எழுதுறேன். தொடக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?”

பூமாரிக்கு அவரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. அவள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். அவள் உமாதேவியிடம் சொன்ன மாதிரியே, எழுதிக்கொண்டதோடு விட்டாள்.

பகல் 3.15.

பக்கத்து வீட்டு மொக்கம்மாளுக்கு வாய் நிற்கவில்லை. “புருசன் பெண்டாட்டிக்குள்ள இன்னைக்கு ஒரே சத்தம். பத்தரைக்கு வேலுச்சாமி தோட்டத்துலருந்து வேகமா வந்தாக. ‘இந்த ஒயரப் பிடுங்கி எறியல, எம் பேரு வேலுச்சாமி இல்ல’ன்னு கத்துனாக. ரோட்டுக்கே கேட்டுச்சு. பெறகு சத்தமே இல்ல ஆத்தா. நானும் களையெடுக்கப் போயிட்டேன்.”

உயிர் போனது பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் இருக்கும் என்றார் டாக்டர். இன்ஸ்பெக்டர் ஞானதுரைக்கு அதற்குமேல் கேட்கப் பொறுமை இல்லை. அவர் கெட்டவர் இல்லை, அவசரக்காரர். அவருக்கு எல்லா வீட்டுக் கொலையும் புருஷன் செய்ததுதான். பாதிக்கு மேல் அது சரியாகவும் இருந்து தொலைத்தது.

வேலுச்சாமி மருந்தடித்த சட்டையோடு ஜீப்பில் ஏற்றப்பட்டான். திராட்சைப் பந்தலுக்கு அடியில் தனியாக மருந்தடித்துக்கொண்டிருந்தானாம். பார்த்த சாட்சி இல்லை.

“சத்தம் போட்டேன். இல்லங்கல” என்றான் பூமாரியிடம். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. “கோட்டயத்து வியாபாரி, நம்ம சேட்டன், பழத்துக்கு வெலை பேசக் காலையிலருந்து போன் போட்டிருக்காக. எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வருதாம். கடைசியில கூடலூர் ஜீப்காரன்கிட்டச் சொல்லி விட்டாக. பழம் கொடியில கனிஞ்சு நிக்கிது. கோவம் வராதா? வந்து கத்துனேன். அவ திரும்பிப் பாத்துச் சிரிச்சா. ‘இன்னைக்கு ஒரு நாள் பொறுத்துக்கங்க, பெரிய பைலு எறங்குது, அறுந்தா முதல்லருந்து ஆரம்பிக்கணும்’னா. மோரு ஊத்திக் குடுத்தா. குடிச்சிட்டுப் போயிட்டேன் மேடம். அதான் நான் அவ கையில வாங்கிக் குடிச்ச கடைசி மோரு.”

“சாயந்திரம் வாக்குமூலம் வாங்கிருங்க. நாளைக்குக் காலையில மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தணும்” என்றார் ஞானதுரை.

மாலை 5.00.

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகள் கயல் சீருடையைக்கூட மாற்றாமல் மொக்கம்மாள் வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பிளஸ் டூ படிக்கிற பெண். அம்மா ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில். அப்பா லாக்கப்பில். வேறு நெருங்கிய சொந்தம் என்று ஊரில் யாரும் இல்லை. பூமாரி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கப்பா அடிச்சிருக்க மாட்டாக” என்றாள் கயல். “கத்துவாக. கத்திட்டு அவுகளே போயிக் கரண்டு பில்லையும் போன் பில்லையும் கட்டிட்டு வருவாக. அம்மா பக்கத்தைப் பாத்து யாராச்சும் மெயில் போட்டா, தோட்டத்துல போயி எல்லார்கிட்டயும் சொல்லுவாக. நாளைக்கு அவுகள ஜெயிலுக்கு அனுப்பிட்டா நான் எங்க மேடம் போறது?”

“ப்ளாப்பியில என்னம்மா வச்சிருந்தாக?” என்று கேட்டாள் பூமாரி.

“அம்மா எழுதுன கதையெல்லாம். அவுக ஒருத்தருக்கு எழுதிக் குடுப்பாக. அந்த ஆளு பேருலதான் வரும். யாருன்னு எங்ககிட்டகூடச் சொல்ல மாட்டாக, வாக்குக் குடுத்திட்டேன்னு. சென்னைக்கு மெயில் அனுப்புறதும் அம்மாதான், அந்த ஆளு மெயிலுக்குள்ள போயி. இப்ப கொஞ்ச நாளாத்தான் வெளிநாட்டுப் பக்கமெல்லாம் படிச்சு, ‘பேரில்லாமல் எழுதுகிறவர்களுக்கு’ன்னு நம்ம பக்கத்துல புதுசா ஒரு பகுதி போட்டாக. என்ன கேக்கணும், என்ன ஒப்பந்தம் போடணும்னு. ‘ஊருக்குச் சொல்றோம், நம்ம செய்ய வேண்டாமா கயலு? அடுத்த கதை எம் பேருலதான்’னு சொன்னாக.”

புருஷனுக்கு எதற்கு ப்ளாப்பி? பூமாரி அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள், இது வேலுச்சாமி வேலை இல்லையென்று. ஆனால் முடிவு செய்வது வேறு, ஞானதுரையை நம்ப வைப்பது வேறு. மகிழன் பெயர் அவள் நெஞ்சில் வந்து நின்றது. வந்த வேகத்தில் திரும்பியும் போயிற்று. அவர்தான் கம்ப்யூட்டரைக் கரைத்துக் குடித்தவராயிற்றே. ‘என் நாவல்களை நானே தட்டச்சு செய்கிறேன், தினமும் இண்டர்நெட்டில் உட்காருகிறேன்’ என்று போன மாத நாவலின் பின்னட்டையிலேயே போட்டிருந்தது. மேலும் கொலை நடந்த நேரத்தில் அவர் பஸ் ஸ்டாண்டில் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

போட்டாரா? யார் பார்த்தது?

வெள்ளி, காலை 7.30.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டில் பூக்கடைக்குப் பக்கத்தில் மஞ்சள் நிற ஒரு ரூபாய் போன் தொங்கியது. பூக்காரி, முதல் நாள் யார் பேசினார்கள் என்று நினைவில்லை என்று கையை விரித்துவிட்டாள். பூமாரி அங்கேயே நின்றாள். அவளுக்கு முன்னால் ஒரு பெண் எண்ணை அமுக்கிக் காத்திருந்தாள். ணங் என்று ரூபாய் கீழே விழுந்தது.

“எங்கேஜ்டு” என்றாள் அந்தப் பெண் எரிச்சலோடு, காசை எடுத்துக்கொண்டே.

வேலுச்சாமியின் கட்டிப்போன குரல் பூமாரியின் காதில் கேட்டது: எங்கேஜ்டு, எங்கேஜ்டுன்னே வருதாம்.

உடனே கயலுக்குச் சொல்லியனுப்பினாள். வீட்டில் ஏட்டு சீனிச்சாமியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கயல் கம்ப்யூட்டரைப் போட்டு, அம்மா செய்வது போலவே இண்டர்நெட் இணைப்புக் கொடுத்தாள். இங்கே பஸ் ஸ்டாண்டில் பூமாரி ரூபாயைப் போட்டு எண்ணை அமுக்கினாள். காசு திரும்பி விழுந்தது. இன்னொரு தடவை. அப்போதும் விழுந்தது. இணைப்பை எடுக்கச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு மறுபடி போட்டாள். மணி அடித்தது. சீனிச்சாமி எடுத்து, “ஹலோ, மேடம்?” என்றார்.

சொன்ன மாதிரியே செய்து பார்த்தாயிற்று. ஒரு நாள் தாமதமாக.

காலை 9.00.

மார்க்கையன்கோட்டை. மகிழனின் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் கேடயங்கள் வரிசையாக இருந்தன. மேசைமேல், உறை போட்டு மூடிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. உறையில், கடையில் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. ஞானதுரை வேண்டாவெறுப்பாக வந்து உட்கார்ந்திருந்தார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது.

“சார், சின்னச் சந்தேகம்” என்றாள் பூமாரி. “நீங்க இண்டர்நெட்ல நெறைய உக்காருவீகளாமே?”

“பின்ன? பாதி நேரம் அதுலதாம்மா. நாவல் அனுப்புறது, மெயில் பாக்குறது, எல்லாம் எங் கையாலதான்.”

“இந்த வீட்டுலருந்தேவா? இந்தப் போன்ல?”

“ஆமா.”

“நேத்து பதினொண்ணேகாலுக்குப் போன் போட்டப்ப உமாதேவி வீட்டுல மணி அடிச்சுச்சு?”

“மூணு தடவையும் அடிச்சுச்சு.”

“காசு திரும்ப விழல?”

“எடுக்காம விட்டா விழத்தானம்மா செய்யும்.” மகிழன் சிரித்தார். “மணி முழுசா அடிச்சு ஓஞ்ச பெறகுதான் விழுந்துச்சு.”

“அதான் சார் இடிக்குது.” பூமாரி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அந்த வீட்டுல ஒரே லைன். காலையில ஒம்பது மணியிலருந்து அது நெட்ல இருந்துச்சு. அகராதி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. நெட்ல இருக்குற வீட்டுக்கு மணியே போகாது. கோட்டயத்துக்காரர் காலையெல்லாம் போட்டுப் போட்டு எங்கேஜ்டுன்னு சலிச்சுப் போயிட்டாரு. வேலுச்சாமி சண்டை போட்டதே அதுக்குத்தான். ஒங்களுக்கு மட்டும் எப்படி மணி அடிச்சுச்சு?”

ஞானதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நடுவுல… நடுவுல கனெக்சன் அறுந்திருக்கும்” என்றார் மகிழன்.

“அறுந்தா கணக்கு முதல்லருந்து ஓடும். ரெண்டு மணிக்கு நானும் ஏட்டும் எங்க கண்ணால பாத்தோம். கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம், ஒரே இணைப்பு. ஏட்டு போனைத் தூக்குன பெறகுதான் அறுந்துச்சு. கொலை செஞ்ச ஆளு திரையை அமத்திட்டு, கம்ப்யூட்டரையே அமத்திட்டதா நெனச்சிட்டான். பெட்டி ஓடிக்கிட்டு இருந்தது அவனுக்குத் தெரியல.”

“இங்க பாரும்மா, எனக்கு இந்த நெட்டு, மோடம், இதெல்லாம் என்ன தெரி…”

அவர் நிறுத்திக்கொண்டார். ஆனால் பாதி சொல் வெளியே வந்துவிட்டது.

“சொல்லுங்க சார்” என்றாள் பூமாரி மெதுவாக. “தெரியும்னா, மணி அடிச்சதுன்னு நீங்க சொன்னது தெரிஞ்சே சொன்ன பொய்யி. தெரியாதுன்னா, இத்தனை வருசமா நாவல் எழுதி, ஒங்க மெயிலுக்குள்ள போயிச் சென்னைக்கு அனுப்புனது யாரு? ரெண்டுல எது?”

மகிழன் உறை போட்ட கம்ப்யூட்டரைப் பார்த்தார். ஞானதுரை எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். கேடயங்களுக்குப் பின்னால், ஒரு துண்டில் சுற்றிய ப்ளாப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் உமாதேவியின் குண்டு குண்டுக் கையெழுத்து.

“தூக்கி ஆத்துல எறிஞ்சிருக்கலாமே” என்றார் ஞானதுரை, வாய் தவறி.

“அடுத்த மாச நாவல் அதுலதான இருக்கு” என்றார் மகிழன். அவருடைய மேடைக் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. “பேரு போடப்போறேன்னா. பழசுக்கெல்லாம்கூட நகல் இருக்குன்னு சொன்னா. தோட்டத்து வழியா வந்து, காலுல விழாத குறையாக் கேட்டேன். ‘சார், இது எறங்கி முடியட்டும், பேசலாம்’னு அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கிட்டா. பெறகு… ஒரு மணி பஸ்ல வந்து நாந்தான் பாத்தேன்னு சொன்னா எம்மேல சந்தேகம் வராதுன்னு நெனச்சேன். வாறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? போனை எடுக்கலன்னு சொன்னேன்.”

பூமாரிக்கு அவரை ஓங்கி ஒரு அறை அறைய வேண்டும் போல இருந்தது. அறையவில்லை.

“இதை உமாதேவி எழுதியிருந்தா இந்தத் தப்பு வந்திருக்காது சார்” என்றாள். “எழுதுறதுக்கு முந்தி அவ அந்த ஒரு ரூபாயைப் போட்டுப் பாத்திருப்பா.”

சனி, மாலை 6.00.

அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்துவிட்டார்கள். வேலுச்சாமி மொட்டையடித்த தலையோடு ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தான். கயல் அவன் பக்கத்தில் இருந்தாள். பூமாரி ப்ளாப்பிகளுக்கான ரசீதில் கையெழுத்து வாங்க வந்தவள், வாங்காமலே வாசற்படியில் நின்றாள். கம்ப்யூட்டர் அறைக் கதவு திறந்திருந்தது. மோடத்தில் ஒரு விளக்கும் எரியவில்லை.

டெலிபோன் மணி அடித்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அது நிற்காமல் அடித்தது.

“சேட்டனாத்தான் இருக்கும்ப்பா. எடுங்க” என்றாள் கயல்.

வேலுச்சாமி எழுந்து போனான். டெலிபோனுக்குப் போகவில்லை. உள் அறைக்குப் போய், அந்த மோடத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“ஒரே ஒரு நாளு பொறுத்துக்கன்னுதான கேட்டா” என்றான்.

மணி அடித்து ஓய்கிறவரை அவன் அங்கேயே நின்றிருந்தான்.